பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரஜன்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் மேயர்கள், ஆணையர்கள், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் உர ஆலையின் அம்மோனியா பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மோனியா ஆலையில் முக்கால்வாசி வேலை ஹைட்ரஜன் தயாரிப்பதுதான். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவையோ இயற்கை எரிவாயுவையோ நீராவியோடு சேர்த்துச் சூடேற்றி ஹைட்ரஜனைப் பிரிப்போம். காற்றிலிருந்து வரும் நைட்ரஜனோடு அதைச் சேர்த்தால் அம்மோனியா, அதிலிருந்து யூரியா. ஹைட்ரஜனை எதிர்கால எரிபொருள் என்று எல்லோரும் பேச ஆரம்பிப்பதற்கு வெகு காலம் முன்பே, எங்களுக்கு அது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பார்த்துப் பழகிய வாயு.

பிளாஸ்டிக் குப்பையிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்ற பேச்சு இப்போது எங்கு பார்த்தாலும் அடிபடுகிறது. நகரக் குப்பையிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப் போவதாகப் புனே மாநகராட்சி அறிவித்த திட்டமும் செய்தியில் வந்தது. இங்கேயும் யாராவது ஒருவர் ஒரு பிபிடியோடு உங்கள் அறைக்கு வருவார், அல்லது ஏற்கெனவே வந்து போயிருப்பார். முதல் ஸ்லைடில் குப்பைமேடு இருக்கும். கடைசி ஸ்லைடில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் 2025-இல் சோதித்துப் பார்த்த ஹைட்ரஜன் ரயிலின் படம் இருக்கும். நடுவில் இருக்க வேண்டிய கணக்கு இருக்காது. அதை எழுதிக் கொடுக்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஏமாற்று வேலை இல்லை. வேதியியல் சரியானது, நடத்திக் காட்டியும் இருக்கிறார்கள். ஜப்பானில் டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில் ஷோவா டெங்கோ என்ற நிறுவனம் (2023 முதல் அதன் பெயர் ரெசோனாக்) 2003-இலிருந்து வீட்டு பிளாஸ்டிக் குப்பையை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுத்துவருகிறது. ஆலையின் திறன் நாளொன்றுக்கு 195 டன் பிளாஸ்டிக். காந்தம் வைத்து இரும்பைப் பிரித்து, அரைத்து, அழுத்திக் கட்டிகளாக்கி, முதல் உலையில் 600 முதல் 800 டிகிரியில் உருக்கி வாயுவாக்குகிறார்கள். அடுத்த உலையில் ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தி 1,300 முதல் 1,500 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். வெளிவரும் வாயுவைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். மெதுவாக ஆறவிட்டால் டையாக்சின் என்ற கொடிய நச்சு மறுபடி உருவாகிவிடும். அப்புறம் காரத்தில் கழுவுகிறார்கள். குளோரின் உப்பாகப் பிரிகிறது, சாம்பல் உருகிக் கசடாக வெளியேறுகிறது. அந்த ஹைட்ரஜனில் நாளொன்றுக்கு 175 டன் அம்மோனியா வரை தயாரிக்க முடியும். அதே ஊரில் 2018-இல் திறந்த ஒரு ஹோட்டலுக்கு இந்த ஆலையிலிருந்து குழாய் போட்டு ஹைட்ரஜன் கொடுத்தார்கள். ஹோட்டலின் மின்தேவையில் ஏறக்குறைய 30 சதவீதம் அதிலிருந்து வந்தது. விருந்தினர் விட்டுப்போன பல் துலக்கும் பிரஷ்ஷும் சீப்பும் இந்த ஆலைக்கே வந்தன. படிக்கும்போது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

அதனால் உங்களுக்கும் ஆசை வரும். வரட்டும். கணக்கையும் பார்த்துவிடலாம்.

175 டன் அம்மோனியாவில் இருக்கும் ஹைட்ரஜன் சுமார் 31 டன். ஒரு ஹைட்ரஜன் பேருந்து 100 கிலோமீட்டர் ஓட எட்டரை கிலோ வாக்கில் செலவாகும். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 17 கிலோ. ஆக 31 டன்னில் 1,800 பேருந்துகள் ஓடும். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள். நகரப் பேருந்துகளில் பாதியைக் குப்பையில் ஓட்டலாம் என்று ஒருவர் உங்கள் முன் நின்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பெருக்கல் கணக்கு சரிதான். அந்தப் பெருக்கலுக்கு முன்னால் ஒரு நிபந்தனை நிற்கிறது. நாள் தவறாமல் 195 டன் பிளாஸ்டிக் வர வேண்டும். அது உலர்ந்திருக்க வேண்டும், தரம் பிரித்திருக்க வேண்டும், மண் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

கவாசாகிக்கு அப்படி வருவதற்கு ஒரு சட்டம் காரணம். 1995-இல் ஜப்பான் பேக்கேஜிங் கழிவுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, 2000-இல் பிளாஸ்டிக்கை முழுமையாக அதற்குள் கொண்டுவந்தது. வீட்டில் கழுவி, தனியாகப் போடுகிறார்கள். மாநகராட்சி தனியாக எடுத்து, பேல் கட்டி வைக்கிறது. அதை மறுசுழற்சி செய்யும் செலவை, பொருளை உறையில் போட்டு விற்ற நிறுவனங்கள் கட்டுகின்றன. ஆலைகள் ஏலத்தில் கலந்துகொண்டு பிளாஸ்டிக்கைப் பெறும்போது, பிளாஸ்டிக்கோடு பணமும் சேர்ந்து வருகிறது. காசு கொடுத்துக் கச்சாப்பொருள் வாங்கும் ஆலை இல்லை அது. காசு வாங்கிக்கொண்டு கச்சாப்பொருளை ஏற்கும் ஆலை. அந்தக் காசை எடுத்துவிட்டு இயற்கை எரிவாயுவோடு அதைப் போட்டி போடச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பிபிடி காட்டும் நண்பரிடம் கேளுங்கள்.

இப்போது நம் ஊர் வள மீட்பு மையம் ஒன்றில் மக்காத குப்பை மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். நூலால் கட்டிய பார்சல் கவரில் மிச்சமிருக்கும் சாம்பார், உள்பக்கம் வெள்ளியாக மின்னும் சிப்ஸ் பாக்கெட், கொத்துக் கொத்தாக ஷாம்பு சாஷே, மாத்திரை அட்டை, குழந்தை டயப்பர், தேங்காய் நார், தெர்மாகோல் துண்டு, யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கு வைத்த பிளெக்ஸ் பேனரின் கிழிசல். மழைக்காலமாக இருந்தால் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். பால் கவர், தண்ணீர் பாட்டில், உடைந்த குடம், நாற்காலி எதுவும் அதில் இருக்காது. தெருமுனையிலேயே தூய்மைப் பணியாளர்களும் காகிதம் பொறுக்குபவர்களும் அவற்றை எடுத்துக் காயலான் கடையில் போட்டிருப்பார்கள். அந்த வருமானம் பல வீடுகளில் அன்றைய அரிசிக்கும் மறுவாரப் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது.

இதில் வேதியியலும் கலந்திருக்கிறது. பால் கவரும் குடமும் பாலிஎத்திலீன், நாற்காலி பாலிபுரோப்பிலீன். இவற்றின் எடையில் 14 சதவீதம் ஹைட்ரஜன். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் 4 சதவீதம்தான். தெர்மாகோலில் 8 சதவீதம் வரும். பிவிசியில் 5 சதவீதம்கூட இல்லை, பாதிக்கு மேல் குளோரின். ஆக, ஹைட்ரஜனுக்கு எது நல்ல சரக்கோ அதற்குத்தான் காயலான் கடையிலும் விலை. ஆலை நன்றாக ஓட வேண்டும் என்றால் குப்பை பொறுக்குபவரின் கையிலிருக்கும் பால் கவரை அது பிடுங்கியாக வேண்டும். பிடுங்கவில்லை என்றால் சாம்பார் கவரையும் பிளெக்ஸையும் வைத்துக்கொண்டு தடுமாற வேண்டும். எந்தப் பிளாஸ்டிக் உங்களுக்கு வேண்டும், அது இப்போது யாரிடம் போகிறது என்று கேளுங்கள். எல்லாப் பிளாஸ்டிக்கும் சரிதான் என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பிளெக்ஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், இது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. உலையிலிருந்து வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருக்கும். அதை நீராவியோடு வினைபுரிய வைத்து மேலும் ஹைட்ரஜனாக்குவதை ஷிஃப்ட் வினை என்போம். குறைந்த வெப்பநிலையில் அதைச் செய்யும் வினையூக்கி செம்பால் ஆனது. குளோரின் அதற்குப் பரம எதிரி. வாயுவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலும் போகப் போகச் செம்பைக் கெடுத்துவிடும், கெட்டதை மீட்க முடியாது. ஆலையை நிறுத்தி, தொட்டியைத் திறந்து, டன் கணக்கில் வினையூக்கியை மாற்ற வேண்டும். நாஃப்தாவில் துளி குளோரின் வந்தாலே எங்கள் ஆய்வகத்திலிருந்து போன் அடிப்பார்கள். பிவிசியின் எடையிலோ 57 சதவீதம் குளோரின். பிளெக்ஸில் பூசியிருப்பது பிவிசி, வயர் உறை பிவிசி, மாத்திரை அட்டையில் பெரும்பாலானவை பிவிசி. கவாசாகியில் இதைச் சமாளிக்கிறார்கள் என்றால், கழுவும் பகுதி பெரியது, செலவும் பெரியது, உள்ளே போகும் சரக்கில் குளோரின் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். உங்களிடம் வரும் திட்ட அறிக்கையில் அந்த வரம்பு எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கிறதா? அதை யார் எங்கே அளப்பார்கள் என்று இன்னொரு வரி இருக்கிறதா?

அடுத்தது கார்பன். மடலின் முக்கியமான இடம் இதுதான்.

பாலிஎத்திலீனையும் நீராவியையும் முழுமையாக வினைபுரிய வைத்தால், காகிதத்தில் கிடைக்கும் கணக்கு இது: 14 கிலோ பிளாஸ்டிக், 36 கிலோ தண்ணீர், கிடைப்பது 6 கிலோ ஹைட்ரஜன், 44 கிலோ கரியமில வாயு. அந்த 6 கிலோவில் 4 கிலோ தண்ணீரிலிருந்து வருவது. பிளாஸ்டிக் கொடுத்தது 2 கிலோதான். பிளாஸ்டிக்கில் இருந்த கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகப் போய்விட்டது. ஆக ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 7.3 கிலோ கரியமில வாயு. உலையைச் சூடாக்க எதையும் எரிக்காமல், ஒரு துளி வீணாகாமல் நடந்தால் வரும் எண் இது. நிஜ ஆலையில் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியை எரித்துத்தான் அந்த வெப்பத்தை உண்டாக்குகிறார்கள். கவாசாகி அளவில் நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு: 195 டன் கலப்புப் பிளாஸ்டிக்கில் 70 சதவீதம் கார்பன் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 500 டன் கரியமில வாயு, 31 டன் ஹைட்ரஜன். கிலோவுக்கு 16 கிலோ. அங்கே அந்த வாயுவையும் வீணாக்காமல் உலர்பனிக்கும் சோடா பானங்களுக்கும் விற்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் சோடா பாட்டிலைத் திறந்தால் அது எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும்.

இந்த எண்ணைப் பேருந்துக்குள் வைத்துப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் பேருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் போகும். அதே 12 கிலோமீட்டருக்கு டீசல் பேருந்து மூன்று லிட்டர் குடிக்கும், 8 கிலோ கரியமில வாயுவை விடும். பிளாஸ்டிக் ஹைட்ரஜனில் ஓடும் பேருந்தின் புகைக்குழாயில் தண்ணீர்தான் சொட்டும். புகை இருக்காது, அண்ணா சாலையில் நிற்பவருக்கு அது நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆலையின் புகைபோக்கியில் டீசலைப் போல இரண்டு மடங்கு கார்பன் வெளியேறியிருக்கும். குறையே இல்லாத காகிதக் கணக்கின் 7.3 கிலோகூட டீசலின் 8 கிலோவுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. பிளாஸ்டிக் என்பது கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வந்த பொருள். கையில் எடுத்துப் பார்க்கும்போது குப்பையாகத் தெரிந்தாலும் உலைக்குள் போனால் அது பெட்ரோலியம்தான்.

ஆகவே பசுமை என்ற சொல் வரும் ஸ்லைடில் நிறுத்துங்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பசுமை ஹைட்ரஜன் எது என்றும் வரையறுத்தது: புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தோ, உயிர்க்கழிவிலிருந்தோ எடுக்க வேண்டும், ஒரு கிலோவுக்குக் கரியமில வாயு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் ஹைட்ரஜன் அந்த வாசலில் நுழையவே முடியாது. அதைக் காட்டி யாராவது மானியம் வரும் என்றால், எந்த ஆணையின்படி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உற்பத்தியாளர்களின் பொறுப்புக்காக 2022-இல் வந்த விதிமுறையிலும், பிளாஸ்டிக்கை ஆற்றலாக மாற்றுவது மறுசுழற்சிக் கணக்கில் சேராது. இறுதி அகற்றல் என்ற தலைப்பில்தான் வரும். அந்தச் சான்றிதழ் சந்தையிலேயே 2023-இல் லட்சக்கணக்கில் போலிகள் பிடிபட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

எப்படியும் குப்பைமேட்டில் எரியப் போகிற பிளாஸ்டிக்தானே, அதில் கொஞ்சம் ஹைட்ரஜனாவது கிடைக்கட்டுமே என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம். 2022-இல் பெருங்குடி எரிந்தது, 2023-இல் கொச்சி பிரம்மபுரம் நாள்கணக்கில் எரிந்தது, 2024-இல் கோவை வெள்ளலூர் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களிடம் போய் 7.3 கிலோ கணக்கைப் பேச முடியாது. திறந்தவெளியில் எரிவதோடு ஒப்பிட்டால் எந்த மூடிய உலையும் மேல்தான். ஆனால் உங்கள் பிளாஸ்டிக் முழுவதும் எரியவில்லையே. தரம் பிரித்து எடுப்பதில் மறுசுழற்சிக்கு ஆகாதது இன்று அரியலூர்ப் பக்கச் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே சூளையில் 1,450 டிகிரி, பிளாஸ்டிக் எரிந்து நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது. அதைப் பிடுங்கி ஹைட்ரஜன் ஆலைக்குக் கொடுத்தால் சிமென்ட் ஆலை மறுபடி நிலக்கரியை அள்ளிப்போடும். லாரி வாடகை கொடுத்து அனுப்புகிறோமே என்ற உங்கள் அங்கலாய்ப்பு புரிகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குப் புதிய ஆலை வேண்டாம், 25 வருட ஒப்பந்தம் வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். குப்பையிலிருந்து ஆற்றல் எடுக்கும் ஆலைகளின் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு ஷரத்து இருக்கும்: நாளொன்றுக்கு இத்தனை டன் தருவதாக மாநகராட்சி உத்தரவாதம் தர வேண்டும், குறைந்தால் அபராதம். சுவீடன் தன் எரி உலைகளுக்குப் பக்கத்து நாடுகளிலிருந்து குப்பையை இறக்குமதி செய்து தீனி போடுகிறது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பை வெற்றி பெற்றால் மாநகராட்சி அபராதம் கட்ட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு விநோதம் என்று யோசித்துப் பாருங்கள். ஷரத்து 40-ஆம் பக்கத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். மன்றக் கூட்டத்தில் அதைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

பழைய அனுபவங்களும் நமக்கு உண்டு. 1987-இல் டென்மார்க் உதவியோடு டெல்லி திமார்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டினார்கள். ஐரோப்பியக் குப்பைக்கு வடிவமைத்த உலை. டெல்லிக் குப்பையில் ஈரமும் மண்ணும்தான் அதிகம், எரியவே இல்லை. சில வாரங்களில் மூடினார்கள். சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். இங்கிலாந்தின் டீஸ் பள்ளத்தாக்கில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் பிளாஸ்மா முறையில் குப்பையை வாயுவாக்க இரண்டு பிரம்மாண்ட ஆலைகளைக் கட்டி, ஓடவைக்க முடியாமல் 2016-இல் கைகழுவியது. ஏறக்குறைய நூறு கோடி டாலர் போச்சு. உலகத்துக்கே தொழில்துறை வாயுக்கள் விற்கிற நிறுவனம் அது, ஹைட்ரஜனில் அவர்களுக்குப் பாடம் எடுக்க ஆள் இல்லை. அமெரிக்காவின் நெவாடாவில் குப்பையிலிருந்து எரிபொருள் எடுக்க வந்த ஃபுல்க்ரம் நிறுவனம் 2024-இல் திவால் மனு போட்டது. மூன்று இடத்திலும் வேதியியல் தோற்கவில்லை. உள்ளே போன குப்பை தினம் ஒரு மாதிரி இருந்தால் எந்த ஆலையும் நிலையாக ஓடாது. ஆலைக்காரர்களுக்கு இது அரிச்சுவடி.

ஆய்வகத்தில் வேறொரு பாதையும் இருக்கிறது, அதை நான் ஆவலோடு கவனிக்கிறேன். 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிளாஸ்டிக்கைத் தூளாக்கி, இரும்பு கலந்த வினையூக்கியோடு மைக்ரோவேவில் வைத்தார்கள். பிளாஸ்டிக்கில் இருந்த ஹைட்ரஜனில் 97 சதவீதம் வரை வெளியே வந்தது. கார்பன் வாயுவாகப் போகாமல் நுண்குழாய்களாகத் திடமாகத் தங்கியது. 2023-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றும் முறையில் ஹைட்ரஜனோடு கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் தகடும் எடுத்தார்கள். கரியமில வாயுப் பிரச்சினையை அடியோடு தவிர்க்கிற வழி இது. தண்ணீரைச் சேர்க்காததால் ஹைட்ரஜன் குறைவாகத்தான் வரும். ஒரு கிலோ பாலிஎத்திலீனில் அதிகபட்சம் 140 கிராம். ஹைட்ரஜனைவிடக் கார்பன்தான் அங்கே காசு தரும் சரக்கு. ஆனால் இவை கிராம் கணக்கில் நடந்த சோதனைகள். டன் கணக்கில் வாங்குவதற்கு அங்கே இன்னும் இயந்திரம் இல்லை. மாநகராட்சி வரிப்பணத்தில் அதை முதன்முதலாகச் செய்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மாணவர்கள் செய்யட்டும். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து யாராவது கேட்டு வந்தால், தரம் பிரித்த நிஜக் குப்பையில் ஒரு மூட்டையை மறுக்காமல் கொடுங்கள். கடையில் வாங்கிய சுத்தமான பிளாஸ்டிக்கில் ஓடுகிற முறை, சாம்பார் கவரில் ஓடுகிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலையில் கலக்கும் முறையைக் கண்டதும் ஒரு கல்லூரி ஆய்வகத்தில்தான்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு மாநகராட்சி இதில் இறங்கியே தீரும் என்றால் எங்கே வைப்பது? இடம் குப்பைமேடு கிடையாது. ஹைட்ரஜனைச் சேமிப்பதும் கொண்டுபோவதும் தலைவலி பிடித்த வேலை. பேருந்துக்கு ஏற்ற வேண்டும் என்றால் 350 மடங்கு காற்றழுத்தத்துக்கு அமுக்க வேண்டும், அதற்கே மின்சாரம் கொட்ட வேண்டும். கவாசாகியில் ஆலை வாசலிலேயே அம்மோனியா பிரிவு இருக்கிறது. அந்தப் பொருத்தத்தால்தான் அது இருபது வருடம் தாண்டி ஓடுகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஹைட்ரஜனைக் குழாயிலேயே வாங்கிக்கொள்ளக்கூடிய இடங்கள் மணலியும் தூத்துக்குடியும். மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன, கொடுங்கையூர் குப்பைமேடு பக்கத்திலேயே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் கச்சிதம்.

வரைபடத்தில் வடசென்னை மக்கள் தெரிய மாட்டார்கள். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது, பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கொடுங்கையூரில் எரி உலை வேண்டாம் என்று கைகோத்து நின்றவர்களும் அந்தப் பகுதிக்காரர்கள்தான். நகரம் முழுவதன் பிளாஸ்டிக்கும் நாளொன்றுக்கு லாரி லாரியாக அதே ஊருக்குப் போய், குளோரினும் டையாக்சினும் கலக்கும் வாய்ப்புள்ள இன்னொரு புகைபோக்கி அங்கே எழும்பப் போகிறது என்றால், பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று பந்தல் போட்டு ஒரு நாளில் முடித்துவிட முடியாது. டையாக்சினை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள், எந்த ஆய்வகம் அளக்கும், அந்த எண் எந்தத் தெருவின் பலகையில் ஒட்டப்படும் என்பது திட்ட அறிக்கையிலேயே இருக்க வேண்டும். ஹைட்ரஜன்தான் வேண்டும் என்றால் முப்பந்தலில் காற்று இருக்கிறது, தென் மாவட்டங்களில் வெயில் இருக்கிறது, தூத்துக்குடித் துறைமுகத்தில் சிறிய பசுமை ஹைட்ரஜன் நிலையமும் 2025-இல் வந்துவிட்டது. ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும், விலை கூடத்தான். ஆனால் அதில் குளோரின் கிடையாது.

கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பெரிய செலவும் ஆகாது. எந்த நிறுவனத்தையும் அழைப்பதற்கு முன்னால், உங்கள் வார்டுகளில் மறுசுழற்சிக்குப் போனது போக மிஞ்சும் பிளாஸ்டிக்கைக் கோடையில் ஒரு மாதமும் ஐப்பசி மழையில் ஒரு மாதமும் தனியாக எடை போடுங்கள். ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு, பிவிசி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, பிளாஸ்டிக்கைச் சோதிப்பதே அவர்கள் தொழில். அந்தப் பட்டியலை மாநகராட்சி இணையதளத்தில் போடுங்கள். பிபிடியோடு வருகிறவர் கையில் அதைக் கொடுத்து, இந்தச் சரக்குக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன், எத்தனை கிலோ கரியமில வாயு, எத்தனை கிலோ உப்பு, எத்தனை கிலோ கசடு, எவ்வளவு மின்சாரம், ஹைட்ரஜனை வாங்கப்போவது யார் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் சமமாக வர வேண்டும். வருகிறதா இல்லையா என்று சரிபார்க்க, என்னைப் போல ஆலைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம். டீ மட்டும் போதும்.

இப்படிக்கு,
அம்மோனியா பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு வரி செலுத்துபவன்